முழங்கால் மாற்றினால் மட்டும் போதுமா?

எமது கிராமங்களில் முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை என்பது இப்பொழுது புதினமான செய்தியல்ல. ஒரு காலத்தில் பட்டணத்து வசதிபடைத்தோருக்கு மாத்திரமே உரியதென எண்ணப்பட்ட இச்சிகிச்சையை இன்று தோட்டஞ்செய்வோரும், கடற்றொழிலாளர் குடும்பத்துத் தாய்மாரும், இளைப்பாறிய ஆசிரியர்களும் பெற்று வருகின்றனர். அரசாங்க வைத்தியசாலைகளில் பெயரைப் பதிந்து, நீண்ட காலம் முறைக்குக் காத்திருந்து செய்வித்தவர்கள் உள்ளனர். வெளிநாட்டில் வாழும் பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் தனியார் வைத்தியசாலைகளில் செய்வித்தவர்களும் உள்ளனர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது மருந்துகளும் உபகரணங்களும் தட்டுப்பட்டு, அவசரமற்ற சத்திரசிகிச்சைகள் பிற்போடப்பட்டதையும், பலர் நோவோடு நாட்களை எண்ணிக்கொண்டிருந்ததையும் நாம் மறந்துவிடவில்லை.

இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற சிகிச்சை, வீட்டுக்கு வந்தபின் எமது கண்முன்னாலேயே பயன் குன்றிப் போவதுண்டு. சத்திரசிகிச்சை நன்றாகவே முடிந்திருக்கும். எக்ஸ்ரே படமும் குறைசொல்ல முடியாதபடி இருக்கும். ஆனால் மூன்று மாதங்கள் கழித்துப் பார்த்தால் கால் மடியாது, அல்லது முற்றாக நீளாது. "இவ்வளவு காசைக் கொட்டியும் பிரயோசனமில்லை" என்று ஊர் பேசும். வைத்தியர் மீது குறை சொல்லப்படும். அல்லது எல்லாம் விதி என்று விடப்படும்.

எமது கருத்து இதுதான்: முழங்கால் மாற்றுச் சிகிச்சையில் பாதி வேலை மாத்திரமே சத்திரசிகிச்சைக் கூடத்தில் நடைபெறுகின்றது. மறுபாதி, அதன் பின்னர் வரும் ஏறத்தாழ 12 வாரங்களில், வீட்டின் விறாந்தையிலும் முற்றத்திலும் நடைபெறுகின்றது. அந்த மறுபாதியை நோயாளி ஒருவரின் தலையில் அல்லது அவருடைய மகளின் தலையில் சுமத்திவிட்டு ஒதுங்கி நிற்க எமக்கு உரிமையில்லை. அது கிராமத்தின் பொறுப்பு, பங்குச் சமூகத்தின் பொறுப்பு, அரசின் பொறுப்பு.

வைத்தியர் செய்வதும் நோயாளி செய்யவேண்டியதும்

இச்சிகிச்சையில் என்ன நடக்கின்றது என்பதை முதலில் விளங்கிக்கொள்வது நல்லது. தேய்ந்துபோன குருத்தெலும்பையும் அதன் கீழுள்ள எலும்பின் மெல்லிய பகுதியையும் வைத்தியர் சீவி அகற்றுகின்றார். தொடை எலும்பின் நுனிக்கு ஓர் உலோகக் கவசம் போடப்படுகின்றது. கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்பில் ஓர் உலோகத் தட்டு பொருத்தப்படுகின்றது. இவ்விரண்டுக்கும் இடையில், வழுவழுப்பாக அசைவதற்காக, உறுதியான பொலித்தீன் வகைத் துண்டொன்று வைக்கப்படுகின்றது. இன்று பயன்படும் மூட்டுக்களின் முன்னோடி, 1974இல் நியூயோர்க் நகரில் வைத்தியர் ஜோன் இன்சால் குழுவினரால் முதன்முதலில் பொருத்தப்பட்டது. அன்றிலிருந்து இச்சிகிச்சை மிகவும் முன்னேறிவிட்டது. 2019இல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி, பொருத்தப்பட்ட முழு மூட்டுக்களில் 100இற்கு 82 வரையானவை 25 ஆண்டுகள் நின்றுபிடிக்கின்றன. அறுபத்தைந்து வயதில் சிகிச்சை பெறும் ஒருவருக்குப் பெரும்பாலும் ஆயுள் முழுவதற்கும் அது போதும்.

ஆயினும் வைத்தியர் மாற்றுவது மூட்டை மாத்திரமே. தொடையின் முன்புறத் தசையை அவர் மாற்றுவதில்லை. பல வருட நோவினால் அந்தத் தசை ஏற்கனவே மெலிந்துபோயிருக்கும். சத்திரசிகிச்சையின் பின்னர் அது மேலும் பலமிழக்கின்றது. காயம் ஆறும்போது மூட்டைச் சுற்றித் தழும்புத் தசை உண்டாகின்றது. மூட்டை அசைத்துக்கொண்டிருந்தால் அது இளகி வளரும். அசையாமல் வைத்திருந்தால் இறுகிக் கட்டிவிடும். அவ்வாறு கட்டிவிட்டால், மயக்கமருந்து கொடுத்து வைத்தியர் காலை மடித்துவிடும் முறையொன்று உண்டு. அதுவும் முதல் மூன்று மாதங்களுக்குள் செய்யப்படும்போதே கூடிய பயன் தருகின்றது. ஆகவே முதல் 12 வாரங்கள் கடந்துபோனால் அவற்றைத் திரும்பப் பெறுவது கடினம்.

யுத்தத்தினால் கால்களை இழந்தவர்களோடு வாழ்ந்த எமது மக்களுக்கு இது புதிய பாடமல்ல. யாழ்ப்பாணத்தில் இயங்கும் ஜெய்ப்பூர் நிறுவனத்தில் செயற்கைக் கால் பெற்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: கால் கையில் கிடைத்த அன்றே நடை வந்துவிடுவதில்லை. பிடித்து நடந்து, விழுந்து, எழுந்து, பழகியே நடை வருகின்றது. புனர்வாழ்வு என்ற சொல்லைக் கேட்டதும் எமக்கு வீட்டுத்திட்டமும் மீள்குடியேற்றமும் முகாமுமே நினைவுக்கு வருகின்றன. ஒரு மனிதர் தமது வீட்டுப் படியில் துணையின்றி இறங்கும் நிலைக்குத் திரும்புவதும் புனர்வாழ்வுதான்.

படுக்கவைக்கும் அன்பு

எமது குடும்பங்களில் நோயாளி மீது அன்பு குறைவில்லை. ஆனால் அந்த அன்பு பெரும்பாலும் "அம்மா, நீங்கள் ஒன்றும் செய்யவேண்டாம், பேசாமல் படுத்திருங்கோ" என்ற வார்த்தையாகவே வெளிப்படுகின்றது. காய்ச்சலுக்கு இது பொருந்தும். மாற்றிய முழங்காலுக்கு இதுவே பெரிய தீங்கு.

ஒரு தாயாரை எடுத்துக்கொள்வோம். இப்படிப்பட்டவர்களை எமது பங்குகள் பலவற்றில் காணலாம். மூத்த மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகின்றான். சிகிச்சை முடிந்து வீடு வருகின்றார். நோவு தாங்க முடியவில்லை என்று கால் மடித்தபடி படுத்திருக்கின்றார். மடித்த காலுக்கு ஆறுதலாக மகள் முழங்காலின் கீழ் ஒரு தலையணையைச் செருகிவிடுகின்றாள். பார்க்க வருபவர்கள் "நடக்க வேண்டாம், பூட்டின இரும்பு கழன்றுவிடும்" என்று பயமுறுத்திவிட்டுப் போகின்றார்கள். கிரந்தி என்று சொல்லி மீனும் முட்டையும் நிறுத்தப்படுகின்றன. ஒருவர் எண்ணெய் கொண்டுவந்து உரஞ்சச் சொல்கின்றார். ஆறு வாரங்களின் பின் கிளினிக்கிற்குப் போகும்போது கால் பாதியளவும் மடியவில்லை.

இதில் ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. ஆனால் செய்தவை யாவும் தலைகீழானவை. முழங்காலின் கீழ் தலையணை வைத்தால் கால் வளைந்த நிலையிலேயே இறுகிவிடும். துவாயைச் சுருட்டிக் குதிக்காலின் கீழ் வைத்து, முழங்கால் நீண்டு தாழும்படி விடவேண்டும். ஒழுங்காகப் பொருத்தப்பட்ட மூட்டு, வைத்தியர் அனுமதித்தபடி நடப்பதால் கழன்றுவிடுவதில்லை. சத்திரசிகிச்சை நடந்த அன்றோ மறுநாளோ நோயாளியை எழுப்பி நிற்கவைப்பதே இன்றைய வைத்திய முறை. காயம் ஆறுவதற்கும் தசை வளர்வதற்கும் புரதச் சத்து வேண்டும். ஆகவே மீன், முட்டை, பருப்பு, பயறு ஆகியவற்றைக் கூட்டிக் கொடுக்கவேண்டுமேயன்றி நிறுத்தக்கூடாது. ஆறாத காயத்தின் மீது எண்ணெயோ பற்றோ போடுவது கிருமி தொற்ற வழி திறந்துவிடுவதாகும்.

முதல் வாரங்களில் செய்யவேண்டியவை

இங்கு நாம் சொல்பவை பொதுவானவை. தத்தமது வைத்தியரும், பிசியோதெரபிஸ்ட் என்று நாம் அழைக்கும் இயன்மருத்துவரும் கொடுக்கும் அறிவுறுத்தல்களே முதன்மையானவை.

முதல் இரண்டு வாரங்களுக்கு இலக்குகள் இரண்டு. ஒன்று, கால் முற்றாக நேராக நீளவேண்டும். மற்றையது, ஏறத்தாழ 90 பாகை, அதாவது கதிரையில் நிமிர்ந்து இருக்கும் அளவுக்கு, மடியவேண்டும். மடிப்பதைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுவர், நீட்டுவதை மறந்துவிடுவர். முற்றாக நீளாத கால் ஆயுள் முழுவதும் நொண்டியே நடக்கும்.

பயிற்சிகள் எளியவை. படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைத்தல், முழங்காலின் பின்புறத்தைப் படுக்கையில் அழுத்தித் தொடைத் தசையை ஐந்து எண்ணும்வரை இறுக்கிப் பிடித்தல், குதிக்காலைப் படுக்கையோடு இழுத்துக் காலை மடித்தல், நேரான காலைச் சற்று உயர்த்துதல், கதிரையில் இருந்தபடி காலை நீட்டி மடக்குதல் என்பனவே அவை. இவற்றுக்கு இயந்திரம் வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, தவறாமல், சோர்வின்றிச் செய்யும் மனவுறுதியே வேண்டும்.

நோவு இருக்கும். நோவே இல்லாமல் இச்சிகிச்சை இல்லை. வைத்தியர் தந்த நோக்குளிசையை விட்டுவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது தவமன்று. குளிசை எடுத்து அரைமணி நேரம் கழித்துப் பயிற்சி செய்தால் கால் நன்றாக இணங்கும். பயிற்சியின் பின் சற்று வீங்குவது இயல்பு. காலை உயர்த்தி வைத்து, ஐஸ்கட்டியை நொறுக்கிப் பையிலிட்டு, துணியால் சுற்றி, காயம் நனையாமல் 15 முதல் 20 நிமிடம் வரை வைத்தால் வீக்கம் தணியும். கரையோரக் கிராமங்களில் மீனுக்குப் போடும் ஐஸ் எப்போதும் கிடைக்கின்றது. தோலில் நேரே படாமலும், பை ஒழுகாமலும் பார்த்துக்கொண்டால் அதுவே போதும்.

நடக்கும்போது முதலில் வோக்கர், அடுத்து சிகிச்சை செய்த கால், அதன் பின் மற்றக் கால் என்பது ஒழுங்கு. வோக்கரை விட்டுப் பொல்லுக்கு மாறும்போது, சிகிச்சை செய்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பொல்லைப் பிடிக்கவேண்டும். எமது பெரியவர்களில் அநேகர் நோவுள்ள பக்கத்திலேயே பிடிக்கின்றனர். படி ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்கவேண்டும். இறங்கும்போது சிகிச்சை செய்த காலை முதலில் வைக்கவேண்டும்.

சில அறிகுறிகளைக் கண்டால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்கக்கூடாது. காயம் சிவந்து சூடேறிச் சீழோ நீரோ வடிதல், காய்ச்சல், நாளுக்குநாள் குறையாமல் கூடும் நோவு என்பன கிருமித் தொற்றின் அடையாளங்கள். கெண்டைக்காலில் நோவும் வீக்கமும் இருந்தால் ஆழமான நாளங்களில் இரத்தம் கட்டிபட்டிருக்கலாம். திடீரென மூச்சுத்திணறலோ நெஞ்சுநோவோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடவேண்டும். இரத்தம் கட்டிபடாமலிருக்கத் தரப்படும் மருந்தை இடையில் நிறுத்துவது ஆபத்தானது. நீரிழிவு உள்ளவர்கள் சீனியின் அளவைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது காயம் ஆறுவதற்கு இன்றியமையாதது.

ஓர் உண்மையையும் மறைக்கக்கூடாது. எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாலும், சிகிச்சை பெறுவோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முழுத் திருப்தி அடைவதில்லை எனப் பல நாடுகளின் ஆய்வுகள் கூறுகின்றன. ஆகவே நோவு தீராத ஒருவரைப் பார்த்து "நீ பயிற்சி செய்யவில்லை" என்று பழி சுமத்துவது அநீதி. அவரை மீண்டும் வைத்தியரிடம் அழைத்துச் செல்வதே எமது கடமை. அதேபோல வீக்கமும் இளஞ்சூடும் சில மாதங்கள் நீடிக்கலாம். தழும்பின் ஓரம் மரத்திருக்கலாம். முன்னேற்றம் ஒரு வருடம் வரையும் தொடரலாம். இவற்றை முன்கூட்டியே சொல்லிவைத்தால் நோயாளி மனம் உடைந்துபோக மாட்டார்.

எமது வீடுகள் எந்த முழங்காலுக்காகக் கட்டப்பட்டன?

சமதரையில் நடப்பதற்கு முழங்கால் ஏறத்தாழ 70 பாகை மடிந்தால் போதும். படி ஏறி இறங்க 90 பாகை வரை வேண்டும். தாழ்ந்த கதிரையிலிருந்து எழும்ப 100 பாகைக்கும் மேல் வேண்டும். குந்தியிருக்க 130 பாகைக்கும் மேல் வேண்டும். மாற்றிய முழங்கால் பெரும்பாலும் 110 முதல் 120 பாகை வரையே மடியும். இந்த எண்களை வைத்துக்கொண்டு எமது கிராமத்து வீடொன்றினுள் நடந்து பாருங்கள். படுக்கை பாயில், அடுப்பு நிலத்தில், சாப்பாடு சப்பணம் கட்டி, மலசலகூடம் குந்தும் வகை, குளிப்பு பாசி படர்ந்த கிணற்றடியில், முற்றமோ வோக்கர் புதையும் மணல். புதிய முழங்காலுக்கு இவை ஒவ்வொன்றும் தடை.

வீடு திரும்பும் முன்னரே மாற்றக்கூடியவை பல உண்டு. உயரமான கட்டில், கைபிடியுள்ள உறுதியான கதிரை, குந்தும் மலசலகூடத்தின் மீது வைக்கக்கூடிய ஆசனம், சுவரில் ஒரு கைபிடிக் கம்பி, இரவில் மலசலகூடத்துக்குப் போகும் வழியில் ஒரு வெளிச்சம், அடுப்பை உயர்த்த நாலு கல் என்பனவே அவை. கொத்தனார் ஒருவரும் தச்சர் ஒருவரும் ஒருநாள் மனம்வைத்தால் பெரும்பகுதி முடிந்துவிடும்.

வீட்டுத்திட்டங்களை வரையும் அரச திணைக்களங்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் நாம் இங்கு ஒன்றை வற்புறுத்துகின்றோம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே இந்நாட்டு மக்களில் 100இற்கு 12இற்கும் அதிகமானோர் 60 வயதைக் கடந்திருந்தனர். அதன்பின் இவ்விகிதம் ஏறியே வந்திருக்கின்றது. இனிக் கட்டப்படும் எந்த வீட்டிலும் இருந்து எழும்பும் வகை மலசலகூடமும், படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்வுப் பாதையும் ஆடம்பரமாகக் கருதப்படலாகாது.

தாய்மாரின் நிலை

மூட்டுத் தேய்வினால் அல்லற்படுவோரில் பெண்களே அதிகம். நாற்று நட்டும், களை பிடுங்கியும், தேயிலைச் சரிவுகளில் ஏறியிறங்கியும், தண்ணீர்க் குடம் சுமந்தும் தேய்ந்த முழங்கால்கள் அவை. சத்திரசிகிச்சையின் பின் இவர்களுக்கு இரண்டு வகையான தீங்கு நேருகின்றது. பணமும் பணிவிடையும் உள்ள வீட்டில் படுக்கவைக்கப்படுகின்றார்கள். ஏழை வீட்டிலோ பத்தாம் நாளே அடுப்படிக்குத் திரும்புகின்றார்கள். அடுப்படியில் நின்றுவேலை செய்வதே பயிற்சி என்று சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. மணிக்கணக்காக நிற்பதால் கால் வீங்கும்; வீங்கிய கால் மடியாது. நடையும் பயிற்சியும் ஓய்வும் மாறிமாறி வரவேண்டும்.

ஆண்களுக்குச் சத்திரசிகிச்சை நடந்தால் மனைவி இருக்கின்றாள். மனைவிக்கு நடந்தால் யார் இருக்கின்றார்கள்? பெரும்பாலும் ஒரு மகள், தன் வேலையையோ படிப்பையோ விட்டுவிட்டு வந்து நிற்கின்றாள். தாயின் பத்தியத்தைப் பற்றி விசாரிக்க எல்லோரும் வருகின்றார்கள். இரவில் மூன்று தடவை எழும்பும் அந்த மகள் நித்திரை கொண்டாளா என்று ஒருவரும் கேட்பதில்லை. கணவன்மாரும் ஆண்மக்களும் சமைக்கவும், துவைக்கவும், தாயைப் பிடித்து நடத்தவும் பழகவேண்டும். இதில் வெட்கத்துக்கு இடமில்லை.

துணைக்கு ஆள் இல்லாதவர்கள்

யோவான் நற்செய்தியில் பெத்சதா குளத்தருகே 38 ஆண்டுகள் நோயுற்றுக் கிடந்த ஒரு மனிதனைப் பற்றி வாசிக்கின்றோம். குணமாக விரும்புகின்றாயா என்று ஆண்டவர் கேட்டபோது, அவன் தன் நோயைப் பற்றிப் பேசவில்லை. தண்ணீர் கலங்கும்போது தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஆள் இல்லை என்பதையே சொன்னான். குளம் இருந்தது, குணம் பெற வழி இருந்தது, துணைக்கு ஆள் இல்லை. எமது முதியோர் பலரின் நிலையும் இதுவே. வெளிநாட்டிலிருந்து பணம் வந்துவிடுகின்றது. தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசவும் முடிகின்றது. வோக்கருக்குப் பக்கத்தில் நிற்க ஆள் வருவதில்லை.

இந்த ஆளைக் கொடுப்பதே பங்குகளாலும் கிராம அபிவிருத்திச் சங்கங்களாலும் முடியும். எமது முன்மொழிவுகள் பின்வருமாறு.

முதலாவது, துணைவர் முறை. சத்திரசிகிச்சைத் திகதி கிடைத்ததும் அன்பியமோ மாதர் சங்கமோ இருவரை நியமிக்கவேண்டும். அவர்கள் முன்கூட்டியே வீட்டைப் பார்த்து மேற்சொன்ன மாற்றங்களைச் செய்விப்பார்கள். சிகிச்சையின் பின் 12 வாரங்களுக்கு, முதலில் நாளாந்தமும் பின்னர் வாரத்தில் இரு தடவையும் சென்று, பயிற்சி செய்யும்போது பக்கத்தில் இருந்து எண்ணுவார்கள். ஒழுங்கையில் கூட நடப்பார்கள். ஒரு கொப்பியில் குறித்துவைப்பார்கள். ஆபத்தான அறிகுறி கண்டால் வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்வார்கள். இவர்கள் வைத்தியம் செய்வோரல்லர். காலைப் பிடித்து வலிந்து மடிப்பதோ மருந்து சொல்வதோ இவர்களுடைய வேலையன்று. கிட்டிய வைத்தியசாலையின் இயன்மருத்துவரை அழைத்து ஒருநாள் பயிற்சி பெற்றபின்னரே இப்பணியில் இறங்கவேண்டும். அந்த மகளுக்கு வாரத்தில் ஒருநாளாவது முழு ஓய்வு கொடுப்பதும் இவர்களுடைய பொறுப்பாக இருக்கட்டும்.

இரண்டாவது, உபகரணக் களஞ்சியம். வோக்கர், பொல்லு, கைபிடிக் கதிரை, மலசலகூட ஆசனம் என்பவை ஒரு நோயாளிக்குச் சில மாதங்களே தேவைப்படுகின்றன. அதன்பின் வீட்டு மூலையில் துருப்பிடிக்கின்றன. புனித வின்சென்ட் டி போல் சபை போன்ற பக்த சபைகள் அவற்றைத் திரட்டி, துடைத்து, திருத்தி, சாதி சமய வேறுபாடின்றி எல்லோருக்கும் இரவலாகக் கொடுக்கலாம்.

மூன்றாவது, பிரயாணம். வீட்டுக்கு வந்த ஒருவருக்குத் தையல் வெட்டவும், பயிற்சிக்கும், கிளினிக்கிற்கும் பலமுறை போகவேண்டியுள்ளது. தூரக் கிராமங்களில் முச்சக்கரவண்டிக் கூலிக்குப் பயந்து கிளினிக்கைத் தவிர்ப்பவர்கள் உள்ளனர். ஒரே நாளில் ஒரே திசையில் செல்லும் நோயாளரை இணைத்து ஒரு வாகனத்தை ஒழுங்குசெய்வது சங்கங்களுக்குப் பெரிய காரியமல்ல.

நான்காவது, எமது ஆலயங்கள். முழங்கால் மாற்றியவர்கள் நிலத்தில் இருக்கமுடியாமலும், முழந்தாளிட முடியாமலும், மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று கூசி, கோவிலுக்கே வராமல் நின்றுவிடுவதை நாம் அறிவோம். உடல்நலக் குறைவினால் முழந்தாளிட முடியாதவர்கள் அவ்வாறு செய்யவேண்டியதில்லை என்று திருப்பலி நூலின் பொது வழிகாட்டியே சொல்கின்றது. எழுந்தேற்றத்தின் பின் குரு பணியும்போது ஆழ்ந்து தலைவணங்கினால் போதும். இதைக் குருக்கள் பீடத்திலிருந்தே விளங்கப்படுத்தவேண்டும். நிலத்தில் இருந்து செபிக்கும் கோவில்களில் பக்கச் சுவரோரம் சில வாங்குகளும், வாசற்படியில் ஒரு கைபிடியும் போடப்படவேண்டும். ஞாயிறு தோறும் கோவிலுக்கு நடந்துவருவது நல்லதொரு பயிற்சியுமாகும்.

அரசின் கடமை

நாம் செய்யக்கூடியவற்றைச் சொன்னதால் அரசின் கடமை குறைந்துவிடுவதில்லை. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பமான காலந்தொட்டு, குடும்பநல மருத்துவமாதுகள் வீடுவீடாகச் சென்ற காரணத்தினால் இந்நாட்டுத் தாய் சேய் மரணங்கள் பெருமளவு குறைந்தன. பிள்ளைத்தாய்ச்சியைத் தேடி வீட்டுக்குப் போகத் தெரிந்த சுகாதார சேவைக்கு, முழங்கால் மாற்றிய முதியவரைத் தேடிப் போவது முடியாத காரியமல்ல. இன்று எல்லாப் பிரதேச வைத்தியசாலைகளிலும் இயன்மருத்துவர் இல்லை. பெரிய வைத்தியசாலைகளிலோ அவர்களிடம் நீண்ட வரிசை. இலட்சக்கணக்கான ரூபா பெறுமதியான மூட்டைப் பொருத்திவிட்டு, அதை அசைக்கப் பழக்கும் ஒருவரின் பதவியை நிரப்பாமல் விடுவது சிக்கனமன்று, விரயம். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கப்படும் அறிவுறுத்தல்கள் நோயாளியின் தாய்மொழியில், படங்களோடு எழுத்தில் இருக்கவேண்டும். இக்கோரிக்கைகளைப் பிரதேச ஒருங்கிணைப்புக் கூட்டங்களிலும் வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்களிலும் எமது சங்கப் பிரதிநிதிகள் எழுத்தில் முன்வைக்கவேண்டும்.

"இளைஞருக்கு வேலையில்லை, பிள்ளைகளுக்குப் போசாக்கில்லை, வயது போனவர்களின் முழங்காலுக்கு இத்தனை ஏற்பாடா?" என்று கேட்போர் உண்டு. இக்கேள்வி நியாயமற்றதல்ல. ஆனால் தாய் ஆடைத் தொழிற்சாலைக்கோ மத்திய கிழக்கிற்கோ போய்விட்ட வீட்டில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கைபிடித்துக் கூட்டிச் செல்வது யார்? அந்த அம்மம்மா நடந்தால் அந்த வீடு நடக்கும். அவர் படுத்தால், வேலைக்குப் போகவேண்டிய ஒருவர் வீட்டில் நிற்கவேண்டும். இதுவும் பொருளாதாரந்தான். இந்தக் கணக்கு எப்படியிருந்தாலும், நடக்கக்கூடிய ஒருவரை நடக்கவிடாமல் கிடத்திவைப்பது மனித மாண்புக்கு ஒவ்வாதது.

பெப்ரவரி 11ஆம் திகதியைத் திருச்சபை 1993 முதல் உலக நோயாளர் தினமாக அனுசரித்து வருகின்றது. அன்று நோயாளரைக் கோவிலுக்கு அழைத்து, பூசித்து, பழப்பொதி கொடுத்து அனுப்புவதோடு பல பங்குகளில் காரியம் முடிந்துவிடுகின்றது. அடுத்த நோயாளர் தினத்துக்கு முன்னர் ஒவ்வொரு பங்கும் மூன்று காரியங்களைச் செய்யட்டும்: தன் எல்லைக்குள் சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்போரின் பெயர்களைத் திரட்டட்டும், வீடுகளில் சும்மா கிடக்கும் வோக்கர்களை ஒன்றுசேர்க்கட்டும், துணைவர்களாக வர விரும்பும் பத்துப் பேரைத் தெரிந்து பயிற்சிக்கு அனுப்பட்டும். இவற்றுக்கு வெளிநாட்டு நிதியும் திட்ட அறிக்கையும் வேண்டியதில்லை. அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்திலேயே தொடங்கலாம்.